ஒரு காக்கை, ஆறு கடலை, 193 நாள்

ஜனவரி 25, காலை 7.04. கைப்பிடிச் சுவரில் ஊன்றிய உள்ளங்கையிலிருந்து காக்கை ஒரு கடலைக் காயை எடுத்தது. உடனே பறக்கவில்லை. அதைக் கையிலேயே திரும்ப வைத்துவிட்டு அடுத்த காயைத் தூக்கிப் பார்த்தது, பிறகு முதல் காயையே கவ்விக்கொண்டு வேம்புக்குப் போனது. ஒரு காக்கையைக் கையிலிருந்து தீனி எடுக்கப் பழக்கும் இந்த வேலை தொடங்கியது ஜூலை 17, ஆடி முதல் தேதி. ஆக 193 நாள். இதில் பாதிக்கு மேல் தப்பு வழியில் கழிந்தவை. நேராகப் போயிருந்தால் மூன்று மாதத்தில் முடியும் என்பது இப்போதைய கணக்கு. எங்கெங்கே வழுக்கியது என்பதைத்தான் கீழே விவரமாக எழுதியிருக்கிறது.

இடம் பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டுத் தட்டட்டி. வெளியூர்க்காரர்களுக்கு மொட்டை மாடி என்றால் புரியும். கிழக்கே ஒரு வேம்பு, தெற்கே இரண்டு தென்னை, சுற்றிலும் ஒன்பது அங்குலச் செங்கல் கைப்பிடிச் சுவர், உயரம் 95 செ.மீ. இந்தச் சுவர்தான் திட்டத்தின் முக்கியமான கருவி என்று அப்போது தெரியாது. பறவை, கழுத்து சாம்பல் நிறமான சாதாரண வீட்டுக் காக்கை. முழுக் கறுப்பான அண்டங்காக்கையும் அவ்வப்போது தென்னையில் வந்து உட்காரும். அது இறங்கினால் வீட்டுக் காக்கைகள் ஒன்றுகூடி விரட்டுவதில் ஒரு காலைப்பொழுது போய்விடும் என்பதைத் தவிர இந்தப் பதிவில் அதற்கு இடமில்லை.

காக்கைக்குச் சோறு வைக்காத தெரு திருநெல்வேலிச் சீமையில் கிடையாது. மத்தியானம் உலை இறக்கியதும் ஒரு கவளம் சோறு, மேலே கொஞ்சம் பருப்பு, "கா... கா..." என்று ஒரு கூப்பாடு. முதல் ஒன்பது நாள் இங்கேயும் அதேதான் நடந்தது. எவர்சில்வர் தட்டில் சோறு, மதியம் பன்னிரண்டரை மணி. இரண்டு நிமிடத்தில் பதினைந்து, இருபது காக்கை வரும், நாலு நிமிடத்தில் தட்டு காலி. ஒன்பதாம் நாள் முடிவில், வந்த இருபதில் ஒன்றைக்கூட மறுபடி பார்த்தால் அடையாளம் சொல்ல முடியாது. தெருவுக்கே சோறு போட்டால் தெருவே வரும், தனியாக ஒன்று வராது.

பத்தாம் நாளிலிருந்து மூன்றையும் மாற்ற வேண்டியிருந்தது: நேரம், தீனி, கூப்பிடும் சத்தம்.

நேரத்தை முதலில் சொல்லிவிடலாம். விடிந்து இருபது முப்பது நிமிடத்துக்குள் எந்த வீட்டிலும் சோறு வைக்க மாட்டார்கள், இரவு முழுக்கக் காக்கைக்கு வயிறு காலி. ஆனால் கடிகாரத்தை நம்பி உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். ஆகஸ்டில் இங்கே சூரியன் உதிப்பது ஆறு பத்து அளவில், ஜனவரி நடுவில் ஆறு நாற்பதை ஒட்டி. ஆவணி முழுக்க ஆறரைக்குச் சரியாக வந்தது மார்கழியில் "நேரம் தவறுகிறது" என்று நோட்டில் குறிக்கப்பட்டிருக்கிறது. தவறியது காக்கை இல்லை. உதயத்துக்குப் பின் இத்தனை நிமிடம் என்று கணக்கை மாற்றி எழுதியதும் வரிசை சீராகிவிட்டது.

தீனி: தோலோடு வறுத்த நிலக்கடலை, உப்பில்லாதது, நாளுக்கு ஆறு காய். தோலோடு ஏன் என்பதற்குக் காரணம் உண்டு. பருப்பாகப் போட்டால் நாலைந்தை ஒரே மூச்சில் நாக்குக்கு அடியில் அடைத்துக்கொண்டு பறந்துவிடும். காய் என்றால் ஒன்றோ இரண்டோதான் கவ்வ முடியும், மறுபடி வர வேண்டும். ஆறு காய்க்கு நாலு தடவை இறங்கினால் அது நாலு பாடம். பின்னால் கையில் கொடுக்கும் கட்டத்திலும் மூன்று செ.மீ. நீளக் காயின் ஒரு முனையை அது கவ்வும்போது அலகு விரலில் படாது. சோற்றுப் பருக்கையை உள்ளங்கையில் வைத்தால் கொத்து தோலில் விழும், கை தானாக உதறும், அந்த உதறல் ஒரு மாத வேலையைக் கெடுக்கும்.

பச்சைக் கடலை வேண்டாம், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். உள்ளே கறுத்துத் தெரியும் காயைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். வாரம் ஒரு நாள் அவித்த முட்டையில் கால் பங்கு. நெத்திலிக் கருவாடு கொடுப்பதானால் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்து, பிழிந்து, உப்பை எடுத்த பிறகு. மிக்சர், காரச்சேவு, முறுக்கு கூடாது. ஊர்ப் பெருமைக்காக ஒரு நாள் அல்வாவும் வைத்துப் பார்த்தாயிற்று. அலகில் ஒட்டிக்கொண்டு, சுவரில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பத்து நிமிடம் தேய்த்துவிட்டுப் போனது. சுவரில் நெய்க்கறை இன்னும் இருக்கிறது.

கூப்பிடும் சத்தம்: "கா கா" என்றால் எல்லாக் காக்கைக்கும் அழைப்பு. அதற்குப் பதில் மண் தட்டின் விளிம்பில் மரக்கரண்டியால் மூன்று தட்டு. சத்தம் இருபது மீட்டருக்கு மேல் போகாது, அது போதும்.

தட்டைப் பற்றி. எவர்சில்வர் தட்டு காலை வெயிலில் பளீரென்று அடிக்கும், காக்கை சுவரில் இறங்கி, கழுத்தை நீட்டிப் பார்த்து, பக்கவாட்டில் இரண்டு தத்து தத்திவிட்டுத் திரும்பிப் போகும். கூட்டமாக வரும்போது அந்தப் பயம் கூட்டத்தில் கரைந்துவிடுகிறது, தனியாக வரும்போது கரையாது. 18 செ.மீ. அகல மண் தட்டுக்கு மாற்றியது பத்தாம் நாள். புதுப் பொருள் என்பதால் நாலு நாள் எதுவும் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் செங்கோட்டைக் கணவாய்க் காற்று தட்டைக் கீழே தள்ளி உடைத்தது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறபோது மண் தட்டு எம்மாத்திரம். அடுத்த தட்டுக்கு அடியில் ஈரக் களிமண் மூன்று உருண்டை வைத்து அழுத்தியதும் பிரச்சினை தீர்ந்தது. அதன் பிறகு தட்டு, கரண்டி, நாற்காலி எதையும் மாற்றவில்லை. நாற்காலிக்கு ஒரு நாள் சிவப்புத் துண்டு போர்த்தியதற்கே இரண்டு நாள் விலகி நின்றது.

தட்டை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் தோற்றுப்போகிறார்கள் என்று நினைக்கிறேன். தரையில் வைத்தால் வைக்கிறவர் குனிய வேண்டும். இந்த நாட்டில் மனிதன் குனிந்தால் கல்லெடுக்கிறான் என்று அர்த்தம், எந்தக் காக்கையிடம் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். கையில் ஒன்றும் இல்லாமலேயே குனிந்து நிமிர்ந்தால் போதும், இருபது மீட்டருக்குள் இருக்கிற அத்தனையும் எழும்பும். தட்டை இடுப்பு உயரச் சுவரில் வைத்ததால் குனியும் தேவையே இல்லாமல் போயிற்று. தரையில் விழுந்த காயைக்கூட காக்கை போன பிறகுதான் எடுப்பது.

அடுத்தது அடையாளம். ஒரு காக்கையோடு பழக வேண்டுமென்றால் அது எது என்று தெரிய வேண்டும். முப்பதாம் நாளை ஒட்டி, தொடர்ந்து முதலில் இறங்குகிற ஒன்றுக்கு வலது சிறகில் இரண்டு இறகு இல்லாமல் பல் விழுந்த மாதிரி இடைவெளி. "ஓட்டைச் சிறகு" என்று நோட்டில் பெயர் ஏறியது. செப்டம்பர் நடுவில் ஓட்டைச் சிறகைக் காணோம். ஒரு வாரம் தேடிய பிறகுதான் விஷயம் உறைத்தது: குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் காக்கை இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்கும். ஓட்டை அடைந்துவிட்டது, அவ்வளவுதான். பறவை அங்கேயேதான் இருந்திருக்க வேண்டும், பார்க்கிற கண்ணுக்குத்தான் தொலைந்துவிட்டது. ஆடி முதல் ஐப்பசி வரை இறகை வைத்து அடையாளம் பிடிக்கவே கூடாது. காலைப் பார்க்க வேண்டும். பழைய எட்டுக்கு நாற்பது பைனாகுலரில் கால்களாகப் பார்த்துக்கொண்டு வந்ததில், ஒன்றுக்கு இடது காலின் பின்விரலில் நகமே இல்லை. விரல் மொட்டையாக, உருண்டையாக முடிந்திருந்தது. இது மாறாது. "மொட்டை விரல்" என்று பெயர் வைத்ததிலிருந்துதான் உண்மையான கணக்கு தொடங்குகிறது. ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல வழியில்லை, அதனால் "அது"தான்.

தூரம் குறைப்பது. சாக்கட்டியால் சுவரில் 4 மீ., 3, 2, ஒன்றரை, 1 மீ., 60 செ.மீ., 30 செ.மீ. என்று கோடு. முதலில் செய்தது: தட்டு அசையாமல் இருக்க, நாற்காலியைத் தட்டை நோக்கி நகர்த்தியது. தப்பு. மனிதன் நெருங்கி வருகிறான் என்பது காக்கைக்கு ஒரே பொருள்தான். மூன்று மீட்டரில் நின்றுபோனது. நாற்காலியைப் பழைய இடத்திலேயே போட்டுவிட்டு, காக்கை வருவதற்கு முன்பே தட்டை ஒரு கோடு இந்தப் பக்கம் தள்ளி வைத்ததும் நிலைமை மாறியது. வந்து பார்த்தால் தட்டு கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிறது, மனிதன் வழக்கமான இடத்திலேயே இருக்கிறான். நெருங்குவதா வேண்டாமா என்பதை அது முடிவு செய்துகொள்ளட்டும். விதி ஒன்று: தட்டிய இரண்டு நிமிடத்துக்குள் மூன்று நாள் தொடர்ந்து இறங்கினால் அடுத்த கோடு. ஒரு நாள் தயங்கினால் பழைய கோட்டுக்குத் திரும்ப வேண்டும். ஒரே நாளில் இரண்டு கோடு தாண்டிய இரண்டு தடவையும் நஷ்டம் ஒரு வாரம்.

பார்வையையும் அடக்க வேண்டும். நேருக்கு நேர் பார்த்தால் இறங்காது. முகத்தைத் தென்னையின் பக்கம் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் கவனித்தால் இறங்கும். நேராகப் பார்த்தபடி நெருங்குகிற ஆளிடமிருந்து காக்கை சீக்கிரம் விலகுகிறது என்பது அமெரிக்கக் காக்கைகளிடமும் சோதித்துப் பார்க்கப்பட்டதுதான். போனைத் தூக்கிப் படமெடுப்பது இன்னும் மோசம். இரண்டு கையையும் முகத்துக்கு நேரே உயர்த்துவது கவணை இழுப்பது போலத் தெரிகிறதோ என்னவோ, அந்த நாட்களில் எல்லாம் வருகை பூஜ்யம். படம் வேண்டுமென்றால் போனைக் காலையிலேயே ஒரு செங்கல்லில் சாய்த்து ஓட விட்டுவிடலாம்.

அதன் உடம்பே நிலைமையைச் சொல்லும். இறகுகள் உடம்போடு ஒட்டி, கழுத்து நீண்டு, சிறகு லேசாக விரிந்திருந்தால் அடுத்த நொடி பறக்கப் போகிறது, மூச்சைக்கூட மெதுவாக விட வேண்டும். நெஞ்சு இறகு புசுபுசுவென்று உப்பியிருந்தால், தலையைச் சொறிந்தால், அலகை இருபுறமும் சுவரில் தீட்டினால், சரி. முதன்முதலில் அது இங்கே அலகு தீட்டியது இரண்டு மீட்டரில். நோட்டில் அந்த வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறது.

வராத நாட்களின் பட்டியல் இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லாமலே புரியும். ஆடி அமாவாசைக்கு முழுப் பூஜ்யம். புரட்டாசியில் மகாளய அமாவாசை அப்படியே. சனிக்கிழமைகளில் எள்ளுச் சோறு வைக்கிற வீடுகள் இருப்பதால் அவசரமே இல்லாமல் வரும். அன்றைக்கெல்லாம் தூரத்தைக் குறைக்க முயல வேண்டாம். வயிறு நிறைந்த காக்கை எதையும் கற்றுக்கொள்ளாது.

ஒரு மீட்டரில் பதினெட்டு நாள் முட்டிக்கொண்டு நின்றது. தட்டு அதற்கும் கிட்டே வந்தால் வேம்பிலிருந்தே பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கும். வழி திறந்தது அடுப்படியிலிருந்து: 45 செ.மீ. காம்புள்ள சிரட்டை அகப்பை. தட்டை எடுத்துவிட்டு, அதே இடத்தில் அகப்பையின் சிரட்டை இருக்குமாறு சுவரில் கிடத்தி, இரண்டு நாள் யாரும் தொடாமல் விட்டாயிற்று. மூன்றாம் நாள் காம்பின் கடைசியில் ஒரு கை. ஒரு வாரம் அப்படியே. பிறகு நாளுக்கு மூன்று செ.மீ. வீதம் பிடியை முன்னால் நகர்த்தினால், சிரட்டையும் காக்கையும் அதே இடத்தில் இருக்க, கைதான் மெதுவாகப் போகிறது. காம்பு நடுங்கக் கூடாது. மணிக்கட்டைச் சுவரில் ஊன்றி, முழங்கைக்கு அடியில் ஒரு மடித்த சாக்கு. மோதிரம், கடிகாரம் கழற்றிவிட வேண்டும். சிரட்டைக்குப் பக்கத்திலேயே விரல் வந்த பிறகு சிரட்டையை எடுத்துவிட்டு வெறும் உள்ளங்கை, கட்டைவிரலை மடக்கி, இரண்டு காய். 118ஆம் நாள், நவம்பர் 11, முதல் காயை எடுத்தது. அலகு தோலில் படவில்லை. காயின் எடை கையை விட்டுப் போனது மட்டும் தெரிந்தது.

இதை எட்டு நாளில் தொலைத்தது எப்படி என்பதுதான் இந்தப் பதிவிலேயே உருப்படியான பகுதி.

கார்த்திகை பிறந்திருந்தது. வீட்டில் மாலை போட்டவர் இருந்ததால் கறுப்பு வேட்டி துவைப்பு தினசரி வேலை. நவம்பர் 19 காலை, கடலை கொடுத்த அதே ஆள், அதே தட்டட்டிக் குழாயடியில், ஈர வேட்டியைப் பிழிந்து ஒரு கையில் தொங்கவிட்டபடி கொடிக்கு நடந்ததுதான் தாமதம். மொட்டை விரல்தான் முதலில் கத்தியது. வழக்கமான கரைதல் இல்லை, தொண்டை கிழிய இடைவிடாத கத்தல். அரை நிமிடத்தில் வேம்பு நிறையக் காக்கை. தலைக்கு மேல் சுற்றி, இரண்டு மூன்று பின்னாலிருந்து இறங்கிக் கொத்த வந்தன. வேட்டியைக் கீழே போட்டு உள்ளே வந்த பிறகும் இருபது நிமிடம் அடங்கவில்லை.

கையில் தொங்குகிற, ஈரமான, கறுத்த, சுருண்ட துணி காக்கைக்குத் துணி இல்லை. செத்த காக்கையைப் பிடித்திருக்கிற கை. ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ், தான் வளர்த்த சிறு காக்கை இனப் பறவைகளே கையிலிருந்த கறுப்பு நீச்சல் உடுப்பைக் கண்டு பாய்ந்ததைப் பதிவு செய்திருக்கிறார். அமெரிக்காவில் சியாட்டிலில் 2015இல் வெளியான ஆய்வில், பாடம் செய்த செத்த காக்கையைக் கையில் பிடித்து நின்ற ஆட்களின் முகத்தைக் காக்கைகள் ஆறு வாரம் கழித்தும் கண்டுபிடித்துத் திட்டின. இதெல்லாம் படித்துத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்ட ஒரே கேள்வி: "எய்யா, வத்தல் காயப் போடும்போது கறுப்புக் குடைய விரிச்சு வைக்கோமே, வெயிலுக்குன்னா நெனச்ச?"

கூழ்வத்தலுக்குப் பக்கத்தில் கறுப்புக் குடை, கறுப்புத் துணி. இந்த ஊர்த் தட்டட்டிகளில் தலைமுறையாக இருக்கிற அறிவு. அதை மறந்துவிட்டுச் செய்த வேலைக்குத் தண்டனை பதினோரு நாள் முழு விலகல். அதன் பின்னும் முகத்தைக் கண்டாலே வேம்பிலிருந்து ஒரு கத்தல்.

அந்தச் சமயத்தில் செய்து பார்த்த சின்னச் சோதனைகள் உபயோகமாக இருந்தன. அதே ஆள் வேறு சட்டை போட்டுப் போனால் கத்தல் குறையவில்லை. அந்தப் பழைய சட்டையை வேறொருவர் போட்டுப் போனால் கத்தல் இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போனால் கத்தல் இல்லை, கழற்றியதும் தொடங்கியது. முகம்தான் கணக்கு. அமெரிக்கக் காக்கை ஆய்வாளர் ஜான் மார்ஸ்லஃப் குழு 2006இல் வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில் குகை மனித முகமூடி போட்டு ஏழு காக்கைகளைப் பிடித்து விட்டதும், பிறகு ஆண்டுக்கணக்கில் அந்த முகமூடியை, பிடிபடாத காக்கைகள்கூடச் சேர்ந்து திட்டியதும் பலருக்குத் தெரிந்த சோதனை. பாளையங்கோட்டையில் அதற்கு ஒரு ஹெல்மெட் போதுமாக இருந்தது.

மீட்புக்கு முதல் எண்ணம், ஹெல்மெட்டோடு கொடுக்கலாம் என்பது. இதுவும் தப்பு வழி, மூன்று நாள் வீண். ஹெல்மெட்டை ஏற்றுக்கொண்டாலும் கழற்றுகிற நாளில் மறுபடி பூஜ்யத்திலிருந்துதான். முகத்தைக் காட்டிக்கொண்டே 4 மீட்டரில் தொடங்கி, ஒவ்வொரு கோடாக. கடலையோடு முட்டையும் தினமும் சேர்த்தாயிற்று. இரண்டாம் முறை வேகம் அதிகம்: டிசம்பர் முதல் வாரத்தில் 4 மீ., டிசம்பர் கடைசியில் 1 மீ., தை பிறந்தபோது அகப்பை, ஜனவரி 25 உள்ளங்கை. கறுப்புத் துணி துவைப்பது வீட்டுக்குள் மாறிவிட்டது. கறுப்புப் பாலிதீன் பை, கறுப்புக் குடை, கறுப்பு லாப்டாப் உறை எதுவும் கையில் தொங்கத் தட்டட்டிக்குப் போவதில்லை.

புத்தி பற்றிய சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பெரும்பாலும் தோல்வி. கவிழ்த்த மூன்று சிரட்டை, ஒன்றுக்கு அடியில் கடலை: சிரட்டையைத் தொடவே நாலு நாள். தொட்ட பின் கூழாங்கல் வைத்து விளிம்பைச் சற்றுத் தூக்கி விட்டதும் அலகை நுழைத்துப் புரட்டிவிட்டது. கண்ணெதிரே வைத்தால் நேராகச் சரியான சிரட்டைக்கே போகிறது. மறைத்து வைத்தால் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் புரட்டுகிறது. நூலில் கட்டித் தொங்கவிட்ட கடலை: துணிக்கொடி ஆடியதால் உட்காரவே இல்லை. கெட்டியான மூங்கில் கழிக்கு மாற்றிய பின் நூலையே கொத்தி அறுத்துவிட்டுக் கீழே விழுந்ததை எடுத்துக்கொண்டது. இது தோல்வியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

பானையும் கல்லும் கதையைச் சோதிக்காமல் விட மனமில்லை. பாதி தண்ணீருள்ள கண்ணாடி டம்ளரில் மிதக்கும் முட்டைத் துண்டு, பக்கத்தில் பத்துக் கூழாங்கல். ஒரே தட்டில் டம்ளரைச் சாய்த்தது. களிமண்ணில் அழுத்தி நிறுத்திய பிறகு ஆறு நாள், ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை. இங்கிலாந்தில் 2009இல் கல் போட்டுத் தண்ணீரை உயர்த்திக் காட்டியது ரூக் என்ற வேறு இனம், கூண்டில் வளர்ந்தவை. அதேபோல, 2002இல் ஆக்ஸ்ஃபோர்டில் கம்பியை வளைத்துக் கொக்கி செய்தது நியூ கலிடோனியா தீவுக் காக்கை. இங்கே கம்பியைக் கூட்டுக்குத்தான் கொண்டு போகும், கட்டட வேலை நடக்கிற இடத்துக் கட்டுக்கம்பிதான் அதற்கு உயிர்.

தானாகச் செய்து காட்டியவைதான் ருசியானவை. காய்ந்த ரொட்டித் துண்டைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோய் நனைத்துத் தின்றது. ஆறு காய்க்குப் பதில் நாலு வைத்த அன்று தட்டைச் சுற்றி வந்து, தட்டுக்கும் சுவருக்கும் இடையில் அலகை விட்டுத் தேடியது. எண்ணுகிறது என்று சொல்லிவிட மாட்டேன், குவியல் சிறுத்திருப்பது தெரிந்திருக்கலாம். ஜெர்மனியில் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் குறிக்கு ஏற்ப ஒன்று முதல் நாலு வரை எண்ணிக் கரையக் காக்கைகளுக்குப் பழக்கி 2024இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் அது பழக்கியது, இது தட்டட்டி. காயைத் தூக்கிப் பார்த்து வைப்பது தினமும் நடக்கிறது. பருப்பை எடுத்துவிட்டுச் சோற்றுப் பசையால் ஒட்டிய வெற்றுக் காய் இரண்டைக் கலந்து வைத்ததில், இரண்டையும் தூக்கித் தூக்கி வைத்துவிட்டு விட்டுப் போனது. மிச்சக் காயைத் தண்ணீர் வடியும் குழாயின் வாயில் செருகி, மேலே ஒரு வேப்பிலைக் கொத்தை இழுத்து மூடும். மூடும்போது நாம் பார்த்தால் மறுபடி எடுத்துக்கொண்டு வேறு இடம் தேடும்.

அந்தக் குழாய் ஐப்பசி மழையில் அடைத்துத் தட்டட்டியில் கணுக்கால் தண்ணீர் நின்றது. வடிகுழாய் வாயில் வலை போடுவதை முதல் நாளே செய்ய வேண்டும். இன்னொரு தொந்தரவு தண்ணீர்: கோழி எலும்பைக் கொண்டுவந்து நனைக்கும், பக்கத்து வீட்டுத் திறந்த தொட்டியிலும் போட்டுவிட்டது. அந்தத் தொட்டிக்கு மூடி நம் செலவில் வாங்கிக் கொடுத்து விஷயம் முடிந்தது. நமக்கென்று சிறு சிமெண்ட் தொட்டி ஒன்று, தினமும் தேய்த்துக் கழுவி.

செலவு: மண் தட்டு இரண்டு 50 ரூபாய், கடலை ஒன்றேகால் கிலோ 150, அகப்பை 70, சிமெண்ட் தொட்டி 90, சாக்கட்டி 10. மொத்தம் 370. பக்கத்து வீட்டுத் தொட்டி மூடி 450, அது இந்தக் கணக்கில் வராது என்று வைத்துக்கொள்வோம்.

கை கழுவுவது ஒவ்வொரு தடவையும், சோப்புப் போட்டு. செத்த காக்கை ஒன்றுக்கு மேல் அக்கம்பக்கத்தில் கிடந்தால் தீனியை நிறுத்திவிட்டுக் கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும், தொடக் கூடாது. 2020 கடைசியில் ராஜஸ்தானில் பறவைக் காய்ச்சல் முதலில் வெளிப்பட்டது காக்கைச் சாவுகளில்தான். கூண்டில் அடைப்பது, சிறகு வெட்டுவது இந்தப் பதிவின் வேலையே இல்லை. 1972 வனவிலங்குச் சட்டத்தில் காக்கை இருந்த "தொல்லை உயிர்" அட்டவணையையே 2022 திருத்தம் எடுத்துவிட்டது என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்த தடவை என்றால்: ஆடியில் தொடங்காமல், இறகுதிர்ப்பு முடியும் ஐப்பசிக் கடைசியில் தொடங்கலாம். மழை குறுக்கிடும், அதற்குச் சுவரில் ஒரு தகரச் சாய்ப்பு. மத்தியானச் சோறு ஒன்பது நாள் வீண், அது வேண்டாம். தட்டைவிட அகப்பையை இரண்டு மீட்டரிலேயே நுழைத்துவிடலாம். கால்விரலை முதல் வாரத்திலேயே பார்க்க வேண்டும்.

குஞ்சுக் காலத்துக்கு ஒரு வார்த்தை. கூடு பத்து மீட்டருக்குள் இருந்தால் பழகிய காக்கையும் பின்மண்டையில் கொத்தும், நட்பெல்லாம் அப்போது செல்லாது. கீழே விழுந்த குஞ்சைக் கடலை கொடுக்கிற ஆள் தொடவே கூடாது. வேறொருவர் முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு அதைக் கிட்டத்துக் கிளையிலோ சுவரிலோ ஏற்றிவிட்டு விலகிவிட வேண்டும், தாய் தகப்பன் பார்த்துக்கொள்ளும். குஞ்சின் வாய்க்குள் சிவப்பாக இருக்கும். புள்ளி போட்ட குஞ்சு கத்திக்கொண்டு கிடந்தால் அது குயில் குஞ்சாக இருக்கலாம், அதற்கும் இதே மரியாதைதான்.

மாசி கடைசியில் வேம்பில் குயில் கூவத் தொடங்கியது. மொட்டை விரலும் அதன் ஜோடியும் பங்குனி நாலாம் தேதி கட்டுக்கம்பித் துண்டோடு தென்னைக்குப் போவது தெரிந்தது. அன்றே கையில் கொடுப்பதை நிறுத்தி, அகப்பையைக் கழுவி உள்ளே வைத்தாயிற்று. தட்டு மறுபடி 4 மீட்டர் கோட்டில், ஆறு காய், கரண்டியால் மூன்று தட்டு. ஜோடிக் காக்கை இன்றைக்கு முதல் தடவையாகத் தானும் இறங்கி ஒன்றை எடுத்தது. அதன் கால்களை இன்னும் சரியாகப் பார்க்க முடியவில்லை.